பதில்: கிங்ஸ் இவ்வளவு அடித்தும் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்?

அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீகில் சாக்ரமெண்டோ கிங்ஸ்தான் 2022-23இல் சிறந்த தாக்குதல் அணி, தடுப்பிலோ கடைசிப் பத்துக்குள், ஆட்டக்காரர்கள் சோம்பேறிகளா என்று கேட்டிருந்தீர்கள். சோம்பல் இல்லை நண்பரே, ஆள் அமைப்புதான் பிரச்சினை.

கிங்ஸின் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) சபோனிஸைப் பாருங்கள். உயரம் இருக்கிறது, ரீபவுண்டில், அதாவது தவறிய ஷாட்டைப் பிடிப்பதில், புலி. ஆனால் வளையத்தைக் காக்கும் சென்டர் இல்லை. ஆட்டத்துக்கு ஒரு பிளாக் (எதிரணி ஷாட்டைத் தட்டிவிடுவது) கூட சராசரியாக வராது. வளையம் காப்பதில் பேர்போன சென்டர் கோபேர் மாதிரி ஒருவர் பின்னால் நின்றால், முன்னால் கார்டு (வெளியே நின்று ஆடுபவர்) ஏமாந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. பிக் அண்ட் ரோலில் (எதிரணியில் ஒருவர் திரைபோல நின்று தன் கார்டுக்கு வழிவிட்டு, பிறகு வளையத்தை நோக்கி ஓடும் உத்தி) சபோனிஸ் பின்வாங்கினால் எதிரணி கார்டு நிதானமாக ஷூட் செய்வார். மேலேறி வந்தால் பின்னால் வளையம் காலி. அதை அடைக்க மூலையிலிருந்து ஒருவர் ஓடிவந்தால், அந்த மூலையில் மூன்று புள்ளி ஷாட். ஒரு ஓட்டை மூன்றாகிறது.

அப்புறம், தடுப்பு என்பது ரீபவுண்ட் எடுத்த பிறகுதான் முடிவடையும். அந்த சீசனின் பிளேஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் வெளியேற்றச் சுற்று) வாரியர்ஸ் அணியுடன் நடந்த ஏழாவது ஆட்டத்தில் அவர்களின் கரி 50 புள்ளி எடுத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட வலித்தது வாரியர்ஸ் சென்டர் லூனி எடுத்த 21 ரீபவுண்ட். அதில் 10 நம் கிங்ஸ் காக்கும் வளையத்தடியிலேயே, அதாவது அவர்களே தவறவிட்ட ஷாட்டுக்கு மறுவாய்ப்பு!