குக்கீஸ் சுடுமுன் தராசு வாங்குங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குக்கீஸ் பற்றித்தான். விடுமுறை வருகிறது, வீட்டுக்கு ஆள் வருகிறது, கடைப் பெட்டியை நீட்டாமல் நாமே சுட்டுக் கொடுக்கலாமே என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்கிறது. நல்ல விஷயம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், என்னைத் திட்டியவர்களின் திட்டையும் சேர்த்துத்தான்.

கேள்வி: 101 வடிவ குக்கீ அச்சுகள் கொண்ட பெட்டி தள்ளுபடியில் கிடைக்கிறது. பேத்திகளுக்காக வாங்கலாமா?

வேண்டாம். வட்டம் ஒன்று, நட்சத்திரம் ஒன்று, பேத்திகள் கேட்கிற மிருகம் ஒன்று. மூன்று போதும். என்னிடம் அந்த 101 பெட்டி இருக்கிறது. அதிலுள்ள ஒட்டகச்சிவிங்கிக்கு ட்ரேயிலிருந்து எடுக்கும்போதே கழுத்து ஒடியும். மற்ற அச்சுகளைக் கழுவி ஈரத்தோடு மூடி வைத்ததில் விளிம்பெல்லாம் துருப் பிடித்துவிட்டது.

கேள்வி: பேக்கிங்குக்கென்றே 40 லிட்டர் ஓவன் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விளம்பரப் படத்தில் ட்ரே நிறைய 24 குக்கீஸ் இருந்தன. எனக்கு வந்த ட்ரேயில் 9தான் பிடிக்கிறது. திருப்பி எடுக்கச் சொன்னால், “பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே” என்கிறார்கள். பிரிக்காமல் எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடைசி வரியை அப்படியே அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு வக்கீலை வைத்தாலும் இதைத்தான் சொல்வார். படத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்றால் பிழை விற்றவருடையது. பிரித்துப் பார்த்த உங்களுடையது அல்ல.

முதல் வேலையாக அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த 24 குக்கீஸும் காணாமல் போயிருக்கலாம். அப்புறம் உங்கள் ட்ரேயின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம். இரண்டையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. பதிலுக்கு ஒரு தேதி குறியுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால், அந்தத் தேதி தாண்டிய மறுநாளே வங்கிக்குப் போய் “சொன்ன பொருள் வரவில்லை” என்று பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. விற்றவர் “பார்க்கிறோம், பார்க்கிறோம்” என்று இழுப்பதே அந்தக் கெடு முடியட்டும் என்றுதான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: லிட்டர் கணக்கைப் பார்த்து ஓவன் வாங்காதீர்கள். லிட்டர் என்பது உள்ளே இருக்கும் மொத்த இடம்; கூரை வரைக்கும் உள்ள காற்றும் அதில் சேர்த்தி. கேக்குக்கு உயரம் வேண்டும், ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குக்கீக்கு எதற்கு? ட்ரேயின் நீளமும் அகலமும் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஓவனில் 180 டிகிரி வைத்தேன். 12 நிமிடம் என்று குறிப்பில் இருந்தது. 8 நிமிடத்திலேயே அடி கருகிவிட்டது. ஓவனை மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். உள்ளே தொங்கவிடுகிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். திருகில் இருக்கும் எண் ஓவனின் ஆசைதான்; உள்ளே இருக்கும் சூடு வேறு. 180 வைத்தால் 200 காட்டுகிறதா, இனிமேல் 160 வையுங்கள். விசிறி ஓடுகிற ஓவன் என்றால், குறிப்பில் உள்ளதை எப்படியும் 15, 20 டிகிரி குறைக்க வேண்டும். உங்கள் ட்ரே கறுப்பா? கறுப்பு ட்ரே சூட்டை அதிகம் இழுத்து அடியைக் கருக்கும். பளிச்சென்ற அலுமினிய ட்ரே வாங்கிப் பாருங்கள். ஓவனை விற்பது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

கேள்வி: வெண்ணெய் மாதிரியே இருந்த டப்பா ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. அதில் செய்த குக்கீஸ் எல்லாம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, ட்ரே அளவுக்கு ஒரே அப்பளமாகிவிட்டது. கம்பெனி மேல் புகார் கொடுக்க முடியுமா?

டப்பாவில் என்ன எழுதியிருந்தது? “ஸ்ப்ரெட்” என்றுதானே? அப்படியென்றால் யார் மேல் புகார்? வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதமாவது இருக்கும். ரொட்டியில் தடவுகிற ஸ்ப்ரெட்டுகள் பலவற்றில் அது 60, 40 என்று இறங்கிவிடும். மீதி பெரும்பாலும் தண்ணீர். பாதி விலையின் ரகசியம் அந்தத் தண்ணீர்தான். முன்பக்கத்தில் மாடும் புல்வெளியும் படமாக இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உண்மை இருக்கும். திருப்பிப் பார்க்க இரண்டு விநாடி ஆகியிருக்காது. உங்களைப் போல் இந்த மாதம் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். நால்வருக்கும் இதே பதில்.

கேள்வி: ஒரே குறிப்பு, ஒரே ஓவன். ஒரு தடவை கல், அடுத்த தடவை மணல். அளவுக் கப் சரியில்லையோ என்று மூன்றாவது செட் வாங்கிவிட்டேன். எந்த செட் நல்லது?

எந்த செட்டும் நல்லதில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் நான் பல மாதமாகக் காத்திருக்கிறேன், கொஞ்சம் உட்காருங்கள்.

கப் என்பது என்ன அளவு? அமெரிக்கக் குறிப்பு என்றால் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் 250. ஜப்பானியக் குறிப்பு என்றால் 200. நீங்கள் வீடியோவில் பார்த்த குறிப்பு எந்த ஊர்க் கப்பில் அளந்தது என்று அந்த அம்மாவுக்கே தெரிந்திருக்காது. டேபிள்ஸ்பூனாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

சரி, எல்லோரும் ஒரே கப் வைத்திருக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். கரண்டியால் மாவை மெதுவாகக் கப்பில் போட்டு, மேலே கத்தியால் வழித்தால் 120 கிராம் சொச்சம் வரும். கப்பை மாவு டப்பாவுக்குள் அழுத்தி முகந்தால் 150ஐ எட்டிவிடும். குறிப்பில் மூன்று கப் என்றிருந்தால் வித்தியாசம் மட்டும் 90 கிராம்! உங்கள் கல்லும் மணலும் அங்கிருந்துதான் வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டே பளபளப்பான செம்பு நிறத்தில், பூப்போட்ட பீங்கானில், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற பொம்மை வடிவில் என்று கப் செட்டுகளை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். நாமும் குக்கீஸ் கெட்டுப்போகும்போதெல்லாம் புது செட் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

அந்த மூன்றாவது செட்டின் காசுக்கு ஒரு டிஜிட்டல் தராசு வந்திருக்கும். ஒரு கிராம் வரை காட்ட வேண்டும், 5 கிலோ வரை தாங்க வேண்டும். கிண்ணத்தை மேலே வைத்து, சுழியாக்கி, மாவு போடுங்கள். மறுபடி சுழியாக்கி, சர்க்கரை போடுங்கள். கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும். சோடா, உப்பு மாதிரி இரண்டு மூன்று கிராம் சமாச்சாரத்தை மட்டும் ஸ்பூனில் அளங்கள். சமையலறைத் தராசு அவ்வளவு சின்ன எடையில் தடுமாறும்.

தராசு வாங்குவதிலும் நான் ஏமாந்திருக்கிறேன். முதலில் வாங்கியது கண்ணாடித் தட்டு, பார்க்க அழகு. என் கிண்ணத்தை வைத்ததும் எண் தெரிகிற இடம் மறைந்துவிட்டது. குனிந்து, தலையைச் சாய்த்து, கிண்ணத்தின் நிழலுக்குள் எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். அதற்குள் அது தானாக அணைந்துவிடும். கடைக்குப் போகும்போது உங்கள் பெரிய கிண்ணத்தின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். எத்தனை நிமிடத்தில் அணையும் என்றும் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

கேள்வி: பேக்கிங் பேப்பருக்குப் பதில் மெழுகுத் தாள் போட்டேன். புகை வந்தது. தரமற்ற தாளா?

மெழுகு சூட்டில் உருகும். தாள் மேல் குற்றமில்லை.

கேள்வி: போன வருடம் திறந்த பேக்கிங் பவுடர் பாதி இருக்கிறது. வீணாக்க மனமில்லை.

ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள். அரை டப்பா பவுடரை மிச்சம் பிடிக்க அரைக் கிலோ வெண்ணெயை வீணாக்குவானேன்? சமையல் சோடாவென்றால் வெந்நீருக்குப் பதில் வினிகர். அப்புறம், பவுடர் இல்லையென்று அதே அளவு சோடாவைப் போட்டுவிடாதீர்கள். சோடா மூன்று நான்கு மடங்கு வீரியம். குக்கீ சோப்பு மாதிரி ருசிக்கும்.

கேள்வி: உண்மையான வனிலா யானை விலை. எசென்ஸ் மலிவு. அது மோசடியா?

லேபிளில் செயற்கை என்று போட்டிருந்தால் மோசடி இல்லை. குங்குமப்பூவுக்கு அடுத்தபடி விலையுள்ள வாசனைப் பொருள் வனிலா. வனிலாப் பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். அதற்குள் ஒவ்வொரு பூவிலும் ஆள் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறை இது. உலகமே அதை வைத்துச் சம்பாதித்தது; அவர் வறுமையில்தான் செத்தார். யானை விலை கொடுத்து வாங்கினால், சூடு படாத க்ரீமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓவனில் வேகிற குக்கீயில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் நாக்குக்குத் தெரிந்ததில்லை.

கேள்வி: சாக்லேட் சிப்ஸ் வாங்கினேன். வாயில் கரையாமல் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டுகிறது.

பின்பக்கம் படியுங்கள். கோகோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் தாவர எண்ணெய் இருந்தால் அது காம்பவுண்ட். மேலே முக்கி எடுக்க உதவும், கடித்துச் சாப்பிட ஆகாது. நல்ல சாக்லேட் பட்டையை வாங்கிக் கத்தியால் நறுக்குங்கள். 1930களில் அமெரிக்காவில் ரூத் வேக்ஃபீல்ட் என்ற சமையல்காரர் சாக்லேட் சிப் குக்கீயை முதலில் செய்ததும் நறுக்கிய பட்டையை வைத்துத்தான். சிப்ஸ் பாக்கெட் பிற்பாடு வந்த வியாபாரம்.

கேள்வி: நான் வீட்டில் குக்கீஸ் சுட்டு விற்கிறேன். ஒருவர் 30 பெட்டி கேட்டார், தெரிந்தவர் என்பதால் முன்பணம் வாங்கவில்லை. இரண்டு ராத்திரி கண் விழித்துச் செய்தேன். எடுத்துப் போக வேண்டிய அன்று காலையில், “வேறு இடத்தில் வாங்கிவிட்டோம்” என்று ஒரு வரி அனுப்பினார். பொருள் காசே போய்விட்டது.

வாங்குகிறவர்களுக்காக எழுதுகிற பத்திதான் இது. ஆனால் இங்கே ஏமாற்றப்பட்டவர் நீங்கள், அதனால் நான் உங்கள் பக்கம். அவர் கேட்ட செய்தி போனில் இருந்தால் அதுவே ஒப்பந்தம் மாதிரிதான். பொருள் செலவையாவது கேட்டு, மரியாதையாக, கணக்கோடு ஒரு செய்தி அனுப்புங்கள். கொடுக்காவிட்டாலும் அவருக்கு உறுத்தட்டும். பெட்டிகளைக் காற்றுப் புகாமல் மூடி, இன்றே மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுங்கள். வெண்ணெய் குக்கீஸ் ஒரு வாரம் தாங்கும். அடுத்த தடவை பாதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் வெண்ணெயை வெளியே எடுக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் முழுப் பணம். மாவை மட்டும் முன்கூட்டியே பிசைந்து உருட்டி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கெடாது. கடைசி நேரத்தில் கைவிட்டாலும் மாவாவது உங்களுக்கு மிஞ்சும்.

கேள்வி: துப்பாக்கி மாதிரி அழுத்தினால் பூப்பூவாக குக்கீ விழுகிற கருவி வாங்கலாமா?

என்னுடையதைத் தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை பயன்படுத்தியது. மாவு கொஞ்சம் குளிர்ந்திருந்தது. மூன்றாவது பூவிலேயே விசை முறிந்தது. கம்பெனிக்கு எழுதினால், “குளிர்ந்த மாவுக்கு உத்தரவாதம் பொருந்தாது” என்று பதில் வந்தது. உள்ளே சிக்கிய மாவைக் குச்சியால் குத்தி எடுத்து, உருட்டி, கத்தியால் வில்லை வில்லையாக வெட்டிச் சுட்டேன். வீட்டில் எல்லோரும் அதைத்தான் மறுபடி கேட்கிறார்கள்.