முட்டுக்காட்டில் லூர் அறுந்துகொண்டே இருந்தால்

வணக்கம். குடும்பத்தோடும் நண்பர்களோடும் முட்டுக்காட்டில் மீன்பிடிக்கப் போன அன்று காலையிலேயே நான்கு லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) அறுந்து போனதாகவும், கடையில் இன்னும் தடிமனான தங்கூசி (தூண்டில் நரம்பு) வாங்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை வாங்க வேண்டாம்.

நரம்பின் அறுந்த முனையைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பாலத்தூணிலோ பாறையிலோ உரசியிருக்கும். கொடுவா மீனாகவும் இருக்கலாம்; அதற்கு வெட்டும் பல் கிடையாது, அதன் செவுள் மூடியின் விளிம்புதான் நரம்பை அறுக்கும். கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் ஷீலா மீனின் பல்தான். ஐரோப்பாவில் பைக் மீன் பிடிப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அதனால்தான் அவர்கள் நரம்புக்கும் லூருக்கும் நடுவில் கம்பித் துண்டு, அதாவது கம்பி லீடர், கட்டுகிறார்கள். நீங்களும் ஓர் அடி நீளத்துக்கு மெல்லிய ஸ்டீல் லீடர் கட்டுங்கள். லூரின் ஆட்டம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வாயில் லூரோடு திரியும் மீனை நினைத்தால் எனக்கு மனசே கேட்பதில்லை.

அப்புறம், குழந்தைகள் வருகிறார்கள் என்றீர்கள். லூரில் உள்ள தூண்டில் முள்களின் எதிர்முனையை (குத்திய முள் கழன்று வராமல் தடுக்கும் சின்னக் கொக்கியை) பிளையரால் நசுக்கிவிடுங்கள். என் அக்கா மகன் விரலில் முள் ஏறியபோது, எதிர்முனை இருந்ததால் மருத்துவமனை வரை ஓட வேண்டியதாகிவிட்டது. எறிபவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஈசிஆர் பாலத்தின் மேல் நின்று எறியவே வேண்டாம்.

விடியற்காலையில், நீர் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். பிளையரை மறக்காதீர்கள், ஷீலா வாயில் கை வைக்க முடியாது.