தாயும் மகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெர்லினில் வேலை பார்க்கிறேன். சென்ற ஞாயிறு என் மகளோடு கோல்னிஷர் பூங்காவுக்குப் போயிருந்தேன். நகரத்தின் சின்னமாக வளர்க்கப்பட்ட கரடிகளில் கடைசியான ஷ்னூட்டெ வாழ்ந்த கட்டடம் அங்கே இருக்கிறது. அதன் மகள் மாக்ஸி 2013இல் இறந்தபின் இரண்டு வருடம் தனியாகக் கிடந்து 2015இல் இறந்தது என்றதும் என் மகள் அழுதுவிட்டாள். நல்ல சாப்பாடு, மருத்துவர், 34 வயதுவரை ஆயுள் என்று சமாதானம் சொன்னேன். சரிதானே? இவளை இனி மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போகலாமா? சிறுவர்களுக்கான காட்டுயிர் நூல்கள் சிலவும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

மிருகக்காட்சிசாலை உங்கள் வீட்டு முடிவு. நூல்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அந்தக் கரடியைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதில்.

உங்கள் மகளின் கண்ணீர் எனக்குப் பெரிது. ஆனால் தாயும் மகளும் பிரிந்த கதையாக அதை அவளுக்குச் சொன்னது யார்? பழுப்புக் கரடி தனித்து வாழும் விலங்கு. குட்டி இரண்டு மூன்று வருடம் தாயோடு இருக்கும், பிறகு தாயே அதைத் துரத்திவிடும். மாக்ஸி 1986இல் பிறந்தது. காட்டில் என்றால் எண்பதுகளோடு முடிந்திருக்க வேண்டிய உறவு அது. ஒரே கட்டடத்தில் 27 வருடம் அடைத்து வைத்துவிட்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தோம். மாக்ஸியின் சாவுக்குப் பின் வந்த இரண்டு வருடத்துக்காக மட்டும் அழுகிறவர்கள், அதற்கு முந்தைய 27 வருடத்தை ஏன் கேட்பதில்லை? சுற்றிலும் அகழி, கம்பி வேலி. ஷ்னூட்டெ பிறந்ததும் அங்கேதான், 1981இல்.

ஷ்னூட்டெயை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேலியோரம் நின்ற ஒரு முதியவர், சொந்தப் பேத்தியைக் காட்டுவதுபோல அதைக் காட்டினார். அவருடைய அன்பில் துளியும் பொய்யில்லை. போர், பிரிவினை, சுவர் எல்லாம் கண்ட தலைமுறை. அந்த அன்புக்கு முன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நகரத்துக்கு அன்பு செலுத்த ஒன்று வேண்டியிருந்தது, அதற்கு ஓர் உயிர் முழு ஆயுளையும் கொடுத்தது.

அதுவும் எதற்காக? 1280ஆம் ஆண்டின் முத்திரையிலேயே பெர்லினுக்குக் கரடி இருக்கிறது. கொடியில், கல்லில், திரைப்பட விழாப் பரிசில் எல்லாம் கரடி. போதவில்லை, உயிருள்ளதும் வேண்டும் என்று 1939இல் அந்தக் கூண்டைத் திறந்தார்கள். முதலில் வந்த நான்கில் இரண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தின் அன்பளிப்பு. அந்த ஊரோ 1513 முதல் கரடி வளர்க்கும் ஊர். போரில் பெர்லின் இடிந்து, ஜனங்கள் ரொட்டிக்கு அல்லாடிய காலம் முடிவதற்குள், 1949இல் மறுபடியும் பெர்னிலிருந்தே கரடிகள் வந்தன. சின்னம் என்றால் இவ்வளவு பசியா?

34 வயது என்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் கணக்கை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். காட்டுக் கரடிக்குப் பெரும்பாலும் அவ்வளவு ஆயுள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோண்ட மண் இல்லாமல், தேட இரை இல்லாமல், குளிர்காலம் முழுக்கத் தூங்க ஒரு பொந்து இல்லாமல் நீண்ட வருடங்கள் அவை. நீளத்தைக் காட்டுவது பராமரித்தவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். குழந்தைக்கு ஏன் அதைக் கொடுத்தீர்கள்? அவள் சரியாகத்தான் அழுதாள், காரணத்தை மட்டும் நாம் மாற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அவளிடம் மறுபடி பேசுங்கள். ஷ்னூட்டெக்குப் பிறகு பெர்லின் அந்த இடத்துக்கு வேறு கரடியைக் கொண்டுவரவில்லை, இப்போது அங்கே ஓவியமும் சிற்பமும் வைக்கிறார்கள். அதை முதலில் சொல்லுங்கள்.