பிரிட்டனில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குகிறவர்கள் எதைக் கண்டெடுக்க ஏங்குகிறார்கள்?

ஒற்றைத் தங்கக் காசை அல்ல. யாரோ மொத்தமாகப் புதைத்துவிட்டுத் திரும்பி வராமல் போன குவியலைத்தான். 1992-இல் சஃபோக்கின் ஹாக்ஸனில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடப்போய்க் கிடைத்தது ரோமானியப் புதையல்: சுமார் 15,000 காசுகள், தங்க நகைகள், வெள்ளி மிளகுக் குப்பிகள் நான்கு. அதில் ஒன்று பெண்ணின் மார்பளவு உருவம். அடித்தட்டைத் திருப்பினால் மிளகு கொட்டும். ரோமுக்கு மிளகு போனது நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான்! கண்டவர் முழுக்கத் தோண்டாமல் நிறுத்தித் தகவல் சொன்னதால், பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்பதுவரை அகழாய்வாளர்களால் அறிய முடிந்தது.

மண்ணுக்குள் இருக்கும் உலோகத்துக்கு ஏற்ப டிடெக்டர் திரை ஓர் எண்ணைக் காட்டும்; மெல்லிய தங்கத்துக்கும் சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான். குப்பை வேண்டாமென்று அந்த எண்களுக்கு ஒலி எழாதபடி அணைத்தால் தங்கமும் ஊமையாகிவிடும். அதனால் சலிக்காமல் தோண்டுங்கள்.

இரண்டாவது காசு தெரிந்ததும் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். தேய்த்துத் துடைக்காதீர்கள், மண் துகளே வெள்ளியைக் கீறிவிடும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, குறைந்தது 10% தங்கமோ வெள்ளியோ கலந்த இரண்டு காசுகள் ஒரே குவியலில் கிடைத்தாலே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996 புதையல் சட்டப்படி அது புதையல்; 14 நாளுக்குள் கரோனரிடம் (சந்தேக மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். புதையலுக்குப் பரிசுத்தொகை கிடைத்தால், அதில் வழக்கமாகப் பாதி அவருக்கு.