ஹெவி மெட்டல் லீட் கிட்டாரிஸ்ட் என்றால் யார்? சேலத்தில் இருந்துகொண்டு அந்தத் தொழிலில் பிழைக்க முடியுமா?

ஹெவி மெட்டல் என்பது ராக் இசையின் கனத்த, இரைச்சலான வகை. மெட்டல் பேண்டில் ஒரு கிட்டார் பாட்டைத் தாங்கும். இன்னொன்று அதன்மேல் தனியாகப் பறக்கும். பறப்பவர்தான் லீட். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் ஒத்தும் தவிலும் பிடித்து நிற்க, நாதஸ்வரம் ராகத்தை விரிப்பதுபோல.

ஆம்ப்ளிஃபயரை அதன் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கினால் ஒலி அலையின் முனைகள் மழுங்கி ஸ்வரம் கரகரப்பாகும், சட்டென அடங்காமல் நீளும். ஒற்றைக் கம்பி அவ்வளவு நேரம் 'பாடுவது' அதனால்தான்.

பிழைப்பு? மெட்டலை மட்டும் நம்பினால் சேலத்தில் கஷ்டம். இங்கே மேடை என்றால் பெரும்பாலும் கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா, கல்யாணம், ஏற்காடு ரிசார்ட். எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டுதான். கூடவே கிட்டார் கிளாஸ் எடுத்து, மெட்டலுக்கு பெங்களூருக்கு ரயில் ஏறுவதே நடைமுறை. வீட்டில் திட்டு தனி!

'விரல் வேகம் இருந்தால் போதும்' என்பது தப்பு. பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து மெட்டல் பேண்டின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் தகடு ஆலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய கம்பி கட்டினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். 1970-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அவர் பெயர் வாங்கியது மெதுவான, கனத்த வாசிப்பால்.