ஆர்க்கிட் வேர் அழுகினால் பிழைக்குமா?

கேள்வி: ஐயா, நான் மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் பூவோடு வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டை, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த பெரிய தொட்டிக்கு மாற்றினேன். இப்போது அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன, மேல் இலைகள் துவண்டு சுருங்குகின்றன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் தேறவில்லை. காப்பாற்ற முடியுமா?

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை துவள்வதைப் பார்த்தால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தண்ணீரை உறிஞ்ச வேண்டிய வேர் செத்துப் போனாலும் இலை இப்படித்தான் துவளும். விடவிட மிச்ச வேரும் அழுகும்.

தப்பு தொட்டிக் கலவையில் இருக்கிறது. மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் அருமையான கலவைதான் அது. ஃபெலனாப்சிஸ் மரத்தில் ஒட்டி, வேரைக் காற்றில் விட்டு வளரும் செடி. அந்த வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழை பெய்தால் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு, பிறகு காற்றில் காய வேண்டும். மண்ணும் நார்க்கழிவும் காற்றே இல்லாமல் இறுகிக் கிடந்தால் வேர் மூச்சுமுட்டிச் சாகும், பூஞ்சாணம் பின்னாலேயே வந்துவிடும்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரை ஓடும் தண்ணீரில் கழுவி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்ல வேர். பழுப்பாகிக் கொழகொழத்து, இழுத்தால் தோல் உருவி உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது முடிந்த வேர். பிளேடை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, நல்ல பாகம் தெரியும் வரை வெட்டுங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைப் பொடி தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பூசினால் அதையும் உலர்த்திவிடும். பூத்தண்டு இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் இப்போது பூவுக்குச் செலவழிக்கச் செடியிடம் தெம்பு இல்லை. ஒரு நாள் நிழலில் அப்படியே கிடக்கட்டும்.

அப்புறம் தொட்டி. பெரியது வேண்டாம், மிஞ்சிய வேர் அடங்கும் அளவு போதும். பக்கவாட்டிலும் ஓட்டை இருக்க வேண்டும். மரக்கரித் துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு போட்டு நடுங்கள். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கறையையும் உப்பையும் போக்கிவிடுங்கள். செடி ஆடாமல் குச்சி கட்டுங்கள். ஆடினால் புது வேரின் நுனி உரசிக் கருகும்.

வெளிச்சமான நிழலில், மழை நேரே விழாத இடத்தில் வையுங்கள். வேர் வெள்ளிபோல் வெளுத்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில். இலைகள் கூடும் குருத்தில் தண்ணீர் தேங்கவே கூடாது. குருத்து அழுகினால் பெரும்பாலும் செடி போய்விடும். புது வேர் இரண்டு அங்குலம் வரும் வரை உரம் எதுவும் வேண்டாம். பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராமுக்கு மிகாமல் வாரம் ஒரு முறை தெளிக்கலாம்.

பக்கத்தில் டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட் வைத்திருந்தால், அழுகல் பரவுமோ என்று பயந்துபோய் அதற்குத் தாமிரம் கலந்த பூஞ்சாண மருந்து அடித்துவிடாதீர்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாது.

உங்கள் செடியில் இரண்டு நல்ல வேர் மிஞ்சினாலே நம்பிக்கை வைக்கலாம். ஒன்றிரண்டு மாதத்தில் அடித்தண்டிலிருந்து பச்சை முனையோடு வேர் எட்டிப் பார்க்கும். சுருங்கிய பழைய இலைகள் முழுதாக நிமிராமலே போகலாம். புதிதாக வரும் இலை விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.