கீழ சித்திரை, மேல மார்கழி

வாசகர் கடிதம்:

வணக்கம் தம்பி. நான் சாவகச்சேரிப் பக்கம், படிப்பிச்சுப் பென்சன் எடுத்து மூண்டு வருசமாகுது. நீங்கள் சுவிஸ் சீவியத்தைப் பற்றி எழுதிறதை விடாமல் வாசிக்கிறனான். மகள் தூன் எண்ட ரவுனில இருக்கிறா, ஏப்ரல் கடைசியில மூண்டு மாச விசிற்றுக்கு அங்க போறன். மருமோன் "மாமா வாங்கோ, முதல் கிழமையே மலைக்கு நடக்கப் போவம்" எண்டுறார். மகள் "யூன் முடியட்டும், இப்ப மேல போகேலாது" எண்டு மறிக்கிறா. வசந்தகாலம்தானே, மரமெல்லாம் பூத்துக் கிடக்கிற படம் வட்ஸ்அப்பில வருது. நான் சிவனொளிபாதம் மூண்டு தரம் ஏறினனான், அதுவும் செருப்போட. இதில ஆர் சொல்லுறது சரி? சப்பாத்து இங்க வாங்கிறதோ அங்க வாங்கிறதோ?

பதில்:

மாஸ்டர், வணக்கம்.

முதல் தீர்ப்பைச் சொல்லிப்போடுறன். மகள் சொல்லுறது முக்கால்வாசி சரி, மருமோனில கால்வாசி. அந்தக் கால்வாசியை வச்சே நீங்கள் நல்லா நடக்கலாம், அதைப் பேந்து சொல்லுறன்.

நாங்கள் மலையில்லாத ஊர்க்காரர். பேரில மலை வச்சிருக்கிற கீரிமலைக்குப் போனாலும் கேணியும் கடலும்தான் கிடக்கு. அதால எங்களுக்கு உயரம் எண்டால் கால் நோகும், மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அங்க உயரம் எண்டது மாசத்தையே மாத்திப்போடும். நூறு மீட்டர் ஏறினால் அரைப் பாகைக்கு மேல குளிர் கூடும். தூன் கிட்டத்தட்ட 560 மீட்டரில இருக்கு, அங்கயிருந்து 2000 மீட்டருக்குப் போனால் ஒன்பது பாகை கிட்ட குறைஞ்சிடும், அப்ப கீழ செரி பூத்து ஆக்கள் ரீசேட்டோட ஐஸ்கிறீம் குடிக்கேக்க மேல இன்னும் மார்கழி முடியேல்ல. எங்கட மார்கழி இல்லை, அவையின்ர மார்கழி. எங்களுக்குப் பனி எண்டால் விடியப்புறம் தலையில துவாய் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போற பனி, அங்க அது இடுப்பளவு. அதாலதான் அங்க இருக்கிற எங்கட சனம் பனி எண்டு சொல்லாமல் ஸ்னோ எண்டே சொல்லிப் பழகிட்டுது போல.

வசந்தம் அங்க ஒரு நாளில வாறதில்லை, பள்ளத்தாக்கில தொடங்கி கிழமை கிழமையா மலையில ஏறும். ஏப்ரலில 1200, 1500 மீட்டர் மட்டும் வரும், பேந்து நிண்டு நிண்டு ஏறி 2000க்கு மேல போக யூன் ஆகிடும், சில வருசம் யூலை. எங்கட ஊர் காண்டாவன வெயிலில கொதிக்கேக்க அங்க உச்சியில ஸ்னோ கிடக்கும். வசந்தம் மேல வந்திட்டுதோ எண்டு பாக்க கலண்டரை விட மாட்டைப் பாக்கிறது நல்லம்: புல் வந்தால்தான் அவை மாட்டை மேய்ச்சலுக்கு மேல ஏத்துவினம், அது மே கடைசி, யூன்.

சிவனொளிபாதத்தைப் பற்றி. உச்சி 2243 மீட்டர். தூனில நிண்டு பாத்தால் கூம்பு மாதிரி நேர தெரியிற நீசன் மலை 2362. நூத்துச் சொச்ச மீட்டர்தான் வித்தியாசம், ஆனால் மார்கழியில தொடங்கி வைகாசிப் பறுவம் மட்டும் நாங்கள் ஏறுறது 5000க்கு மேல படியில, ராவிரவா லைற் வெளிச்சத்தில, வழி நெடுக தேத்தண்ணிக் கடையோட. மழை பெஞ்சால் வழுக்கும், அட்டை கடிக்கும், அதுக்கு மேல ஒண்டுமில்லை. படிதான் கணக்கெண்டால் நீசனில ரெயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில 11,674 படி கிடக்கு, ஆனால் ஓட்டப்போட்டிக்கு மட்டும்தான் அதில விடுவினம், மற்ற நேரம் பூட்டு. அதால செருப்புக் கதையை மருமோனிட்டச் சொல்லாதேங்கோ, அவர் உசாராகிடுவார்.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். ஒரு மே மாசம் நடுவில நானும் கிளிநொச்சிக்கார நண்பர் ஒருத்தரும் 900 மீட்டரில இருந்து ஏறினம். புல்வெளியெல்லாம் மஞ்சள் பூ, மாட்டு மணிச் சத்தம், அவர் ரீசேட்டும் ஓட்டச் சப்பாத்தும். ரெண்டரை மணித்தியாலம் ஒரு பிரச்சனையும் இல்லை. 1700 கிட்ட பாதை ஒரு மூலையில திரும்பி வடக்குப் பக்கம் போகுது, திரும்பினால் பாதையை மறிச்சுக்கொண்டு ஒரு இருபது அடி அகலத்துக்கு ஸ்னோ சாய்வாக் கிடக்கு. வெள்ளையும் இல்லை, அழுக்குச் சீலை மாதிரி, மேல பைன் ஊசியள் கொட்டி, ஆரோ நடந்த அடையாளமும் இருக்கு. எங்களுக்கு முன்னால ஒரு சுவிஸ் கிழவனும் கிழவியும் கையில தடியோட நிண்டவை. பாத்தினம். ஒரு சொல்லும் கதைக்கேல்ல. திரும்பி வந்து ஒரு கல்லில இருந்து பாண் சாப்பிடத் தொடங்கிட்டினம். நாங்கள் இளந்தாரியள் எல்லோ, நண்பர் இறங்கினார். மூண்டாவது அடியில தொடை மட்டும் உள்ள போட்டுது. அடியில தண்ணி ஓடிற சத்தம் கேக்குது, மேல திடமாத் தெரிஞ்ச ஸ்னோவுக்குக் கீழ உருகின தண்ணி ஓடி வெறும் கோறையா நிண்டிருக்கு. காலை இழுத்தால் கால் வருது, சப்பாத்து வரேல்ல. நான் கையால தோண்டி எடுத்தனான், பத்து விரலும் மரத்துப்போய் பேந்து சேட் பொத்தான் போடேலாமல் நிண்டனான். ஈரச் சப்பாத்தோட ரெண்டு மணித்தியாலம் இறங்கின மனுசனுக்குப் பெருவிரல் நகம் போனதுதான் மிச்சம். அவர் சறுக்கிக் கீழ போகாதது எங்கட அதிர்ஷ்டம், அந்தச் சாய்வுக்கு அங்கால பிடிக்க ஒரு பத்தையும் இல்லை.

அண்டைக்குத்தான் அந்த வடக்குப் பக்க விசயம் எனக்கு உறைச்சது. இங்க சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல போகும், வடக்கு வாசலோ கிழக்கு வாசலோ எண்டு வீடு கட்டேக்க சாத்திரியாரைக் கேக்கிறதோட திசை முடிஞ்சுது. அங்க வெயில் தெற்கால சரிஞ்சு வாறதால ஒரே மலையில தெற்குப் பக்கம் காய்ஞ்சு பூத்திருக்கும், வடக்குப் பக்கம் ஒரு மாசம் பிந்தியும் ஸ்னோ கிடக்கும். படம் அனுப்பிறவை தெற்குப் பக்கத்தைத்தான் எடுத்து அனுப்புவினம்.

நேரமும் முக்கியம். ராவில உறைஞ்ச ஸ்னோ காலமை கண்ணாடி மாதிரி, கால் வச்சால் சறுக்கும், மத்தியானம் வெயில் பட கஞ்சி மாதிரி இளகி ஆளை விழுத்தும், செங்குத்தான இடத்தில ஈரம் ஏறின ஸ்னோ அப்பிடியே சரிஞ்சும் வரும். காலமை தாண்டின ஓடையில பின்னேரம் தண்ணி கூடியிருக்கும். டாவோசில ஸ்னோ ஆராய்ச்சி நிலையம் ஒண்டு இருக்கு, எஸ்எல்எஃப் எண்டுவினம், பனிச்சரிவு ஆபத்தை ஒண்டில இருந்து அஞ்சு வரை போட்டு அறிவிக்கிறவை, மருமோனை அதைப் பாக்கச் சொல்லுங்கோ. அதைவிடச் சுகம், மேல இருக்கிற கேபிள் கார் ஸ்ரேசனுகளின்ர வெப்காமரா. கோப்பி குடிச்சுக்கொண்டே பாக்கலாம், வெள்ளையெண்டால் போகாதேங்கோ. கேபிள் காரை நம்பியும் வெளிக்கிடாதேங்கோ, ஸ்கீ சீசன் முடிய கோடை தொடங்க முதல் திருத்த வேலைக்கெண்டு கனக்க நிப்பாட்டிப்போடுவினம்.

நடைபாதையில வழி காட்டுற போர்ட்டும் பாக்கப் பழகுங்கோ. வெறும் மஞ்சள் எண்டால் சாதாரண நடை, நீங்கள் தாராளமாப் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை எண்டால் மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை எங்கட வேலை இல்லை. அந்தத் தரமெல்லாம் ஸ்னோ இல்லாத நாளுக்குப் போட்டது. போர்ட்டில போட்டிருக்கிற நேரம் இளைப்பாறுற நேரம் சேராதது, மட்டமான நிலத்தில மணிக்கு 4.2 கிலோமீட்டர் எண்டு கணக்கு. எங்களுக்கு அதை ஒண்டரையால பெருக்குங்கோ, சாப்பாட்டுக்கு இன்னொரு அரை மணித்தியாலம், முறுக்குக் கட்டிக்கொண்டு போனால் அதுக்கும் கொஞ்சம்.

இனி அந்தக் கால்வாசி. தூன் வாவியின்ர வடகரை தெற்கைப் பாத்துக் கிடக்கு, வெயில் முந்தி வாற பக்கம். ஏப்ரல் கடைசியில சிக்ரிஸ்வில் போங்கோ, 800 மீட்டர்தான், 340 மீட்டர் நீளத் தொங்கு பாலம் ஒண்டு இருக்கு, கீழ பள்ளம் 182 மீட்டர். தலை சுத்தும் எண்டால் வேண்டாம். ஸ்பீட்ஸில இருந்து ஃபௌலன்சே வரைக்கும் வாவிக்கரையால நடக்கிறது இன்னும் லேசு, வடிவா இருக்கும். மேயில 1000, 1200 மீட்டர் தெற்குச் சரிவுகள், யூன் கடைசியில மகள் சொன்ன மாதிரி மேல. அப்பிடிப் போனால் ஒரே வசந்தத்தை மூண்டு தரம் பாப்பீங்கள். ஸ்னோ உருகிற விளிம்பில ஊதாவும் வெள்ளையுமா குரோகஸ் எண்டு சின்னப் பூ நிக்கும், மிதிச்சுப்போடாதேங்கோ.

ரெண்டு விசயம் கேக்காமலே சொல்லுறன். புல்லுக்குள்ள நடந்தால் வீட்ட வந்து முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கோ எண்டு பாருங்கோ, எங்கட நாயில இருக்கிற சாமானோட சொந்தக்காரன்தான், ஆனால் அங்க வருத்தம் பரப்பும். மற்றது, ஹெலிகொப்ரர் மீட்புக்கு நம்பர் 1414. விசாவுக்கு எடுத்த இன்சூரன்ஸில அந்தச் செலவு சேருதோ எண்டு இங்க வச்சே கேட்டுப்போட்டுப் போங்கோ.

சப்பாத்து அங்க வாங்குங்கோ. கணுக்கால் மூடினது, அடி கரடுமுரடானது, பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கின நேரம் போட்டுப் பாத்து, சொக்ஸோடயே. சொக்ஸ் பருத்தி வேண்டாம், நனைஞ்சால் காயாது, கம்பளியில ரெண்டு சோடி. செருப்பையும் கொண்டு போங்கோ, மகள் வீட்டில பல்கனிக்குப் போட உதவும்.